பங்குதாரர் முருகன்

1. ஹார்ட்வேரா, ஆக்சஸரீஸா?

வேலையில் சேர்ந்த முதல் நாள், என் மேசைக்கு எதிரே உட்கார்ந்த முதல் ஆளே என் காதில் பூ சுற்றப் பார்த்தார்.

சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் ஒரு பழைய மாடியில் இருந்தது எங்கள் ஆலோசனை மையம். சிறு வியாபாரிகளுக்கு கிராண்டும் லோனும் எங்கே கிடைக்கும், யாருக்குக் கிடைக்கும் என்று தேடிக் கொடுப்பது எங்கள் வேலை. லோன் திருப்பிக் கட்ட வேண்டிய பணம், கிராண்ட் திருப்பிக் கட்ட வேண்டாத பணம். இந்த 'வேண்டாத' என்ற சொல் காதில் விழுந்ததும் சிலருக்கு முகமே மாறிவிடும். அதற்கு முன் ஒரு பேங்கில் லோன் செக்‌ஷனில் இருந்தவள் நான். அதனால் அந்த முகங்கள் எனக்குப் பழக்கம்.

அன்று வந்தது ஒரு கணவன் மனைவி. கணவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொன்னார், "பொம்பளைங்க நடத்துற பிசினஸுக்குத் தனியா ஸ்கீம் இருக்காமே? இவங்கதான் ஓனர். எல்லாம் இவங்க பேர்லதான்."

நான் அந்த அம்மாவைப் பார்த்துக் கேட்டேன், "கடையில என்னம்மா விக்கிறீங்க?"

அவர் கணவரைப் பார்த்தார். கணவர் கண்ணைக் காட்டினார். "ஹார்ட்வேர்" என்றார் அந்த அம்மா.

"ஐயோ, ஹார்ட்வேர் போன வருஷம்! இப்ப ஃபோன் ஆக்சஸரீஸ்" என்று பல்லைக் கடித்தார் ஓனரின் கணவர்.

அவர்களை அனுப்பிவிட்டு, இனி யார் வந்தாலும் கேட்பதற்கென்று சில கேள்விகளை மனதில் வைத்துக்கொண்டேன். கடைச் சாவி யாரிடம்? காஸ் சிலிண்டர் தீர்ந்தால் யாருக்கு ஃபோன்? கடைசியாகச் சண்டை போட்டது எந்த சப்ளையரோடு? இந்த மூன்றாவது கேள்விதான் முக்கியம். உண்மையான முதலாளிக்கு சப்ளையரோடு ஒரு சண்டையாவது இருக்கும். பெயருக்கு முதலாளியாக இருப்பவர்கள் 'எல்லாரும் நல்லவங்க' என்பார்கள்.

எங்கள் மேனேஜர் லிம் நல்ல மனிதர். அவருக்கு என் கேள்விகள் பிடிக்காது. "மெஹர், யூ ஆர் நாட் போலீஸ் லா" என்பார். வாடிக்கையாளர்கள் எனக்கு 'டவுட் அக்கா' என்று பெயர் வைத்திருந்தார்கள். என் காது படவே சொல்வார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. மெஹருன்னிசா என்ற பெயரை வாப்பா வைத்தார், டவுட் அக்கா என்பது நானே சம்பாதித்தது.

2. மாவுக்காரம்மா

பரமேஸ்வரி வந்தபோதும் நான் சந்தேகத்தோடுதான் பார்த்தேன். நாற்பது வயதிருக்கும். மார்சிலிங்கில் வீடு. வீட்டில் இட்லி மாவு அரைத்து அக்கம்பக்கத்துக்குக் கொடுக்கத் தொடங்கி, பிறகு உட்லண்ட்ஸ் பக்கம் ஒரு ஃபேக்டரி கட்டடத்தில் சின்ன யூனிட் எடுத்து, இப்போது மினிமார்ட்டுகளுக்கு மாவு போடுகிறார். அரைப்பதற்கு மெஷின் இருந்தது. பாக்கெட் போடுவதும் சீல் வைப்பதும் கையால். இரண்டு பெண்கள் நின்றுகொண்டே செய்தார்கள். ஒரு பெரிய சூப்பர்மார்க்கெட்டிலிருந்து ஆர்டர் கேட்டிருந்தார்கள். அவர்கள் கேட்கிற அளவுக்குக் கையால் போட முடியாது. ஆட்டோமேடிக் பேக்கிங் மெஷின் வேண்டும். அது இல்லையென்றால் ஆர்டர் வேறு ஆளுக்குப் போய்விடும்.

சிறுபான்மைச் சமூகப் பெண்கள் நடத்தும் தொழில்களுக்கென்று ஒரு தனியார் அறக்கட்டளை அப்போது கிராண்ட் கொடுத்துக்கொண்டிருந்தது. மெஷின் விலையில் பெரும்பகுதியை அவர்கள் கொடுப்பார்கள், மீதிக்கு பேங்க் லோன். விதி ஒன்றுதான் கடுமையானது. தொழில் உண்மையிலேயே அந்தப் பெண்ணுடையதாக இருக்க வேண்டும். மறைவாக வேறு யாருக்கும் லாபத்தில் பங்கு இருக்கக் கூடாது. அதற்கு ஒரு டிக்ளரேஷன் உண்டு. பொய் என்று தெரிந்தால் பணத்தைத் திருப்பி வாங்குவதோடு போலீசுக்கும் போவார்கள்.

நான் முதலில் சந்தேகப்பட்டது கணவர் செல்வத்தை. ஷிப்யார்டில் சேஃப்டி சூப்பர்வைசர். எதைக் கேட்டாலும் பரமேஸ்வரி "அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்" என்றார். சரி, இதுவும் அந்த ஆக்சஸரீஸ் கதைதான் என்று நினைத்தேன். ஒரு நாள் செல்வத்தையே வரச் சொல்லிக் கேட்டேன், "மாவுக்கு எந்த ஊர் உளுந்து வாங்கறீங்க?"

"எனக்கு எங்கக்கா தெரியும்? நான் ஊற வைப்பேன், தூக்கி வைப்பேன். லீவு நாள்ல வேன் ஓட்டுவேன். மத்ததெல்லாம் அதுதான்" என்றார் மனிதர், வெட்கமே இல்லாமல். எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

அடுத்து மெஷின் விற்கிற கம்பெனியைச் சந்தேகப்பட்டேன். விலையை ஏற்றிக் காட்டி, கிராண்ட் வந்ததும் முதலாளிக்குப் பின்பக்கமாகக் கொஞ்சம் திருப்பிக் கொடுப்பது இந்தத் தொழிலில் ஒரு வித்தை. வேறு இரண்டு இடங்களில் விலை கேட்டேன். சரியாகத்தான் இருந்தது. மூன்றாவது கேள்வியையும் கேட்டுப் பார்த்தேன். பரமேஸ்வரி பிளாஸ்டிக் பாக்கெட் சப்ளையரைப் பற்றித் தொடங்கினார், என் டீ ஆறிப்போகும் வரைக்கும் நிறுத்தவில்லை. சும்மா சொல்லக் கூடாது, அப்படித் திட்டுகிறவர் பினாமியாக இருக்க முடியாது.

ஆனாலும் எனக்குள் பட்சி சொல்லிக்கொண்டே இருந்தது. என்ன என்றுதான் பிடிபடவில்லை.

3. பத்தில் ஒரு பங்கு

பேனல் இன்டர்வியூவுக்கு நானும் லிம்மும் கூடப் போனோம். அறக்கட்டளைத் தலைவர் வயதான சீனர், மரியாதையாகப் பேசுகிறவர். லாபத்தில் வேறு யாருக்காவது ஏதாவது போகிறதா என்று கேட்டார்.

பரமேஸ்வரி கொஞ்சம் தயங்கினார். பிறகு தமிழில் என்னிடம் சொன்னார், "முருகனுக்குப் பத்துல ஒரு பங்கு எடுத்து வச்சிடுவேன்க்கா. பிசினஸ் ஆரம்பிச்சதிலேருந்தே. அவங்ககிட்ட சொல்லுங்க."

நான் சொன்னேன். பங்கு என்ற சொல்லைக் கேட்டுத் தலைவர் நிமிர்ந்தார். இது எங்கள் தமிழ் வியாபாரிகளிடம் உள்ள வழக்கம், சாமியையும் ஒரு பங்காளியாகச் சேர்த்துக்கொள்வார்கள், அந்தக் காசு கோயிலுக்குப் போகும் என்று விளக்கினேன். லிம்முக்கு ஒரே சந்தோஷம். "யெஸ் யெஸ், டாங்க் ரோட் டெம்பிள்! தைப்பூசம்!" என்றார். தலைவருக்கும் முகம் மலர்ந்துவிட்டது. அவருடைய அப்பா கடையில் தினமும் முதல் காப்பி துவா பெக் கோங் சாமிக்குத்தான் வைப்பார்களாம். அதற்கு மேல் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கிராண்ட் கொடுக்கலாம் என்று அங்கேயே முடிவாகிவிட்டது. பாக்கி இருந்தது நான் யூனிட்டை ஒரு முறை போய்ப் பார்ப்பதும், மறுநாள் பரமேஸ்வரி டிக்ளரேஷனில் கையெழுத்துப் போடுவதும்தான்.

வெளியே வந்ததும் நான் கேட்டேன், "கோயில்ல ரசீது தருவாங்களே, இருக்கா?"

"உண்டியல்ல போடறதுக்கு என்னக்கா ரசீது?" என்றார் பரமேஸ்வரி, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

லிம் என்னைத் தனியாக இழுத்தார். "ஐயோ மெஹர், யூ ஆஸ்க் காட் ஃபார் ரிசீட்? கேன்னாட் லா."

நான் முஸ்லிம். இன்னொருவருடைய காணிக்கையைத் துருவிக் கேட்பது இந்த ஊரில் எந்த வழக்கத்திலும் சேராது. வேறு எதையும் நான் கேட்டிருப்பேன், இதைக் கேட்க முடியவில்லை. பிறகுதான் புரிந்தது, இதை யோசித்தவன் அதையும் சேர்த்துத்தான் யோசித்திருக்கிறான்.

4. ஒரு 'ரு'

மத்தியானம் உட்லண்ட்ஸ் யூனிட்டுக்குப் போனேன். புளித்த மாவு வாசனை லிஃப்ட் வரைக்கும் வந்தது. கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. பரமேஸ்வரி தலையில் வலையும் கையில் உறையுமாக பாக்கெட்டுக்கு சீல் வைத்துக்கொண்டிருந்தார். சீலர் நடுவில் சூடாகாமல் நின்றுவிட்டது. அதை ஒரு தட்டுத் தட்டினார்.

"இது எந்த நேரமும் மண்டையைப் போட்டுடும்க்கா. புதுசு வர்ற வரைக்கும் முருகன்தான் காப்பாத்தணும். அவன் பார்த்துப்பான்" என்றார். அதே மூச்சில் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துவிட்டு, "அட, நாளைக்கு ஒண்ணாந்தேதி! கையெழுத்துக்கு வர்றதுக்கு முன்னாடி முருகனுக்குக் கொடுத்துடணும். லேட்டானா கோவிச்சுக்குவாரு" என்றார்.

நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

பாசிர் ரிஸ்ஸில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா முருக பக்தை. லிஃப்ட் நின்றால், மகனுக்குப் பரீட்சை வந்தால், வாசலில் நின்று "டேய் முருகா, உனக்குக் கண்ணில்லையா?" என்று சண்டை போடுவார். சாமி என்றால் அவன், இவன்தான். சிலர் 'முருகர்' என்றும் சொல்கிறார்கள், அது அவரவர் வழக்கம். ஆனால் ஒரே வாயில், ஒரே மூச்சில், ஒரு முருகன் 'பார்த்துப்பான்', இன்னொரு முருகன் 'கோவிச்சுக்குவாரு'. சாமிக்கு இல்லாத மரியாதை வேறு யாருக்கோ இருந்தது. பட்சி அத்தனை நாளாகச் சொன்னது இதுதான்.

"பரமேஸ்வரி, எந்த முருகன்?" என்றேன்.

அவர் திரும்பவில்லை. போய் கிரைண்டரை நிறுத்தினார். கூட இருந்த இரண்டு பெண்களையும் டீ குடித்துவிட்டு வரச் சொன்னார். பிறகு ஒரு மாவு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதில் உட்கார்ந்தார்.

"கண்டுபிடிச்சிட்டீங்களாக்கா?" என்றார்.

முருகன் ஒரு கன்சல்டன்ட். சிராங்கூன் ரோட்டில் எங்கள் மையத்திலிருந்து நடக்கிற தூரத்தில், ஒரு மாடியில் ஆபீஸ் வைத்திருக்கிற ஆள். தொழில் தொடங்கின புதிதில் இரண்டு பேங்கில் பரமேஸ்வரியைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். யாரோ இந்த ஆளைக் கைகாட்ட, அவன் ஒரு சின்ன பேங்க் லோன் எடுத்துக் கொடுத்திருக்கிறான். தன் சிபாரிசில்தான் வந்தது, தான் ஒரு வார்த்தை சொன்னால் நின்றுவிடும் என்று சொல்லி, மாதாமாதம் லாபத்தில் பங்கு கேட்டிருக்கிறான். வெளியே கேட்டால் என்ன சொல்வது என்றும் அவனே சொல்லிக் கொடுத்திருக்கிறான்.

"'முருகனுக்குன்னு சொல்லுங்க, யாரும் மேல கேக்க மாட்டாங்க. என் பேரும் அதுதானே, பொய்யும் இல்லையே'ன்னாரு. கற்பூரம் ஏத்தி, சாமி படத்துக்கு முன்னாடி அணைச்சு சத்தியம் வாங்கிட்டாருக்கா. இப்ப கிராண்ட் வந்தா அதுலயும் பாதி வேணுமாம்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்த லோனைப் பற்றி எனக்குத் தெரியும். சின்னத் தொழில் தொடங்குகிற யார் வேண்டுமானாலும் கேட்கக் கூடிய லோன் அது. சிபாரிசு என்று ஒரு பேச்சே அதில் கிடையாது. எங்கள் மாடிப்படி ஏறி வந்திருந்தால் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் நானே போட்டுக் கொடுத்திருப்பேன், காசு வாங்காமல். அதைச் சொன்னதும் பரமேஸ்வரி என்னை வெறித்துப் பார்த்தார். பிறகு உறை போட்ட கையாலேயே முகத்தை மூடிக்கொண்டு அழுதார். கன்னத்தில் மாவு ஒட்டிக்கொண்டது.

அழுது முடியட்டும் என்று காத்திருந்தேன். அதற்குப் பிறகு சொல்ல வேண்டியது இன்னும் கசப்பானது.

"நாளைக்குக் கையெழுத்துப் போட்டீங்கன்னா அது பொய் வாக்குமூலம். கேஸ் உங்க மேலதான் வரும், அவன் மேல வராது. உண்மையைச் சொன்னா கிராண்ட் நின்னாலும் நிக்கும். ஆனா எனக்குத் தெரிஞ்சுபோச்சு பரமேஸ்வரி. நீங்க சொல்லலேன்னா நான் சொல்லியாகணும்."

"நீங்களும் அவரை மாதிரியே மிரட்டுறீங்களே அக்கா."

சுருக்கென்றது. அவர் கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார், "சத்தியம் பண்ணியிருக்கேன். முருகன் பேர்ல."

"எந்த முருகன் பேர்ல?"

அழுகைக்கு நடுவில் அவருக்கு ஒரு சிரிப்பு வந்தது. வந்த வேகத்திலேயே போய்விட்டது.

5. டோபி காட்டில் இறங்கியவர்

அன்று ராத்திரி நான் சரியாகத் தூங்கவில்லை. பரமேஸ்வரி அந்த ஆளுக்கு ஃபோன் போட்டிருப்பார், அவன் வேறு கதை சொல்லிக் கொடுத்திருப்பான், காலையில் வந்து 'நீங்க தப்பா புரிஞ்சுக்கிட்டீங்க' என்பார் என்றே நினைத்தேன். ஆர்டரும் மெஷினும் ஒரு பக்கம் இருக்கும்போது யார்தான் வாய் திறப்பார்கள்?

சொன்ன நேரத்துக்குப் பரமேஸ்வரி வரவில்லை. லிம் வாசலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அறக்கட்டளைத் தலைவர் எங்கள் அறையில் உட்கார்ந்து பேனாவைக் கழற்றி மூடிக்கொண்டிருந்தார். கிழிந்தது போ என்று நான் எழுந்தபோது பரமேஸ்வரி மூச்சு வாங்கிக்கொண்டு மாடியேறி வந்தார். நெற்றி நிறைய விபூதி.

"டோபி காட் ஸ்டேஷன்ல இறங்கி டாங்க் ரோட் முருகன் கோயிலுக்குப் போயிட்டு வந்தேன்க்கா. அவன்கிட்ட சொல்லிட்டேன். 'சத்தியம் பண்ணது உன் பேர்ல, காசு வாங்கிக்கிட்டது அவரு. இனிமே நீயாச்சு, அவராச்சு, என்னை விடு'ன்னுட்டேன்."

இன்னும் 'அவரு' போகவில்லை என்பதைக் கவனித்துக்கொண்டேன்.

உள்ளே போனதும் தலைவர் டிக்ளரேஷனை நகர்த்தி வைத்தார். பரமேஸ்வரி அதைத் தொடவில்லை. நான் மொழிபெயர்க்க வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்திவிட்டு, அவரே தன் இங்கிலீஷில் பேசினார்.

"சார், தட் முருகன் ஐ டெல் யூ, நாட் காட். ஹி காட் ஆபீஸ் ஒன். எவ்ரி மந்த் ஐ பே."

லிம் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார், ஒன்றையும் எழுதவில்லை. கடைசியில், இந்தச் சுற்றில் கொடுக்க முடியாது, அந்த ஆளுக்குக் கொடுப்பது நின்றது என்று கணக்கில் தெரிந்த பிறகு மறுபடி பார்க்கலாம் என்றார். டிக்ளரேஷனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

சூப்பர்மார்க்கெட் ஆர்டர் அந்த வாரமே வேறு கம்பெனிக்குப் போனது. லிம் என்னோடு சில நாள் சரியாகப் பேசவில்லை. "ஃபைனல் டே, மெஹர். ஃபைனல் டே" என்று மட்டும் சொன்னார். நாங்கள் உரிய இடத்தில் புகார் கொடுத்தோம். சில மாதங்களில் அந்த மாடி ஆபீஸ் பூட்டிக் கிடந்தது. கடைசியில் ஆளுக்கு என்ன ஆனது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. வேறு மாடியில் வேறு பெயரில் உட்கார்ந்திருப்பான் என்பது என் சந்தேகம். இன்றும் அந்தப் பக்கம் நடந்தால் மேலே தொங்குகிற பெயர்ப்பலகைகளைப் படித்துக்கொண்டேதான் போகிறேன்.

6. மறுபடியும் ஒண்ணாந்தேதி

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பேலன்ஸ் ஷீட் படிக்க எல்லோரும் கற்றுக் கொடுப்பார்கள். எதிரே உட்கார்ந்திருக்கிறவர் யாரை அவன் என்கிறார், யாரை அவர் என்கிறார் என்று கேட்கப் பழகுங்கள். அன்பு இருக்கிற இடத்தில் நம் ஆட்கள் உரிமையோடு 'ன்' போடுவார்கள். தேவையில்லாத இடத்தில் ஒரு 'ர்' வந்தால், அது மரியாதையா பயமா என்று பாருங்கள். பயம் என்றால், உண்மையான முதலாளி அந்த 'ர்'தான்.

பரமேஸ்வரிக்கு கிராண்ட் அடுத்த சுற்றில் கிடைத்தது. மெஷினும் வந்தது, வேறு ஆர்டர்களும் வந்தன. அதெல்லாம் பிறகு. அதற்கு முன்னால், கிராண்ட் வருமா வராதா என்றே தெரியாமல் கையால் பாக்கெட் போட்டுக்கொண்டிருந்த நாளில், ஒரு மாதத்தின் முதல் தேதி காலையில் எனக்கு அவரிடமிருந்து ஃபோன் வந்தது. பின்னால் கிரைண்டர் ஓடுகிற சத்தம். இந்த முறை அவர் அதை நிறுத்தவில்லை, அதற்கு மேலே கத்திப் பேசினார்.

"அக்கா, முருகன் வந்திருந்தான்!"

பழக்க தோஷம், என்னையறியாமல் கேட்டுவிட்டேன், "எந்த முருகன்?"

"மேல இருக்கிறவன் எதுக்குக்கா ஒண்ணாந்தேதி பார்த்து வரப் போறான்? இவன்தான். 'என்ன, மறந்துட்டீங்களா'ன்னு உள்ள வரப் பார்த்தான். 'செருப்பைப் போட்டுக்கிட்டு என் யூனிட்டுக்குள்ள வராதே, வெளிய நில்லு'ன்னேன்."

"நின்னானா?"

"நின்னான்க்கா" என்றார் பரமேஸ்வரி.